நாய் சொல்பேச்சு கேட்கவில்லையா? அதன் இனம் பார்த்த வேலையிலிருந்து தொடங்குங்கள்

‘பீகிள் மக்கு, ஷெப்பர்ட் கெட்டிக்காரன்’ என்று நாய் வளர்ப்பவர்கள் சாதாரணமாகச் சொல்வதுண்டு. பயிற்சி கொடுக்கிறவருக்கு இந்தத் தரவரிசையால் எந்தப் பயனும் இல்லை. உங்கள் நாயின் முன்னோர்களை எந்த வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள், அந்த வேலையின் எந்தத் துண்டு இன்னும் இதன் உடம்பில் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நாயின் வேட்டை ஒரு சங்கிலி. இரையைக் கண்டறிவது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நெருங்குவது, துரத்துவது, கவ்வுவது, உதறிக் கொல்வது, கிழிப்பது, தின்பது. மனிதர்கள் இந்தச் சங்கிலியில் சில கண்ணிகளைப் பெரிதாக்கினார்கள், சிலவற்றை அமுக்கி வைத்தார்கள். பார்டர் கோலிக்கு உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் பெரிதாக இருக்கும்; கடி அமுங்கியிருக்கும். ரெட்ரீவர் மெல்லக் கவ்வித் தூக்கி வரும். டெரியர் உதறிக் கொல்லும். மந்தை காக்கும் நாய்களிடம் துரத்தல் உட்பட ஏறக்குறைய முழுச் சங்கிலியுமே அடங்கிக் கிடக்கும். இல்லாவிட்டால் அவற்றை நம்பி ஆட்டை விட்டுவைக்க முடியுமா?

பெரிதாக இருக்கும் கண்ணி எதுவோ, அதைச் செய்வதே அந்த நாய்க்குக் கூலி. யாரும் தீனி கொடுக்க வேண்டியதில்லை. ‘அடங்க மாட்டேன் என்கிறது’ என்று நாம் புலம்பும் பெரும்பாலான நேரங்களில், நாய் தன் வேலையைப் பார்த்துத் தானே கூலியையும் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கூலியை நம் கைக்குக் கொண்டுவருவதுதான் கீழே வரும் வழிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இனத்தின் பெயரை வேதவாக்காகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களிடம் கேட்டும், 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் பார்த்தும் 2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வில், நாய்க்கு நாய் காணும் குண வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தைத்தான் இனத்தை வைத்து விளக்க முடிந்தது. ஆகவே இனம் சொல்வது முதல் ஊகம். அது சரியா என்று கண் முன்னால் நிற்கும் நாயைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எந்த அறிகுறிக்கும் முன்பு பார்க்க வேண்டியவை

நேற்றுவரை ஒழுங்காக இருந்த நாய் திடீரென மாறிவிட்டதா? பயிற்சியைத் தொடவே வேண்டாம், கால்நடை மருத்துவரிடம் போங்கள். தூக்கினால் உறுமும் டாஷண்டுக்கு முதுகுத் தண்டின் வட்டு நழுவியிருக்கலாம். உட்காரச் சொன்னால் தயங்கும் லேப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டு வலிக்கலாம். தலையைத் தொட்டால் கடிக்க வரும் காக்கர் ஸ்பேனியலுக்குக் காதில் சீழ் வைத்திருக்கலாம். வலியைப் பயிற்சியால் தீர்க்க முடியாது.

அடுத்தது வயது. சுமார் 6 மாதத்திலிருந்து 18 மாதம்வரை விடலைப் பருவம். கற்ற பாடம் மறந்துபோனதுபோல் நடிக்கும் காலம் இது. பெரிய உருவ இனங்களில் இது 2 வயதைத் தாண்டியும் இழுக்கும். இந்தக் காலத்தில் புதிய பாடம் வேண்டாம். பழைய பாடத்தையே எளிதாக்கித் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

மூன்றாவது, பரம்பரை. ஒரே இனத்துக்குள்ளேயே வேலைக்காக வளர்க்கப்பட்ட பரம்பரை, கண்காட்சிக்காக வளர்க்கப்பட்ட பரம்பரை என்று இரண்டு உண்டு. லேப்ரடார், காக்கர், ஜெர்மன் ஷெப்பர்ட், பார்டர் கோலி ஆகியவற்றில் இந்த வித்தியாசம் மிகப் பெரிது. வேலைப் பரம்பரைக் குட்டியை வாங்கிவிட்டு, கண்காட்சிப் பரம்பரைக்காரர் சொன்ன அளவு நடையோடு நிறுத்தினால் வீட்டுச் சோபா மிஞ்சாது. குட்டியின் தாயும் தகப்பனும் என்ன செய்துகொண்டிருந்தன என்று விற்றவரிடம் கேளுங்கள். அந்தப் பதில் இனப் பெயரைவிட அதிகம் சொல்லும்.

கருவிகளும் அளவுகளும்: பட்டாணி அளவுத் தீனி, அதுவும் அன்றைய மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்குள். ஒரு பாடம் 3 முதல் 5 நிமிடம், ஒரு நாளைக்கு 3 அல்லது 4 முறை. 10 முறை கேட்டால் 8 முறை சரியாகச் செய்கிறதா? அப்போதுதான் பாடத்தைக் கடினமாக்கலாம். 5 முறைக்குக் கீழே போனால் ஒரு படி இறங்குங்கள். சரியாகச் செய்த அதே நொடியில் சொல்ல ஒரு குறுஞ்சொல் வேண்டும். ‘சரி’ போதும். சொல் முதலில், தீனி பிறகு. கை முன்னால் போய்விட்டால் நாய் கையைத்தான் படிக்கும்.

அறிகுறி: கூப்பிட்டால் வருவதில்லை

இதுதான் அதிகம் வரும் புகார், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுவே. ஒரே அறிகுறிக்கு நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கின்றன. எது என்று அறிய, நாய் உங்களை விட்டுப் போவதற்கு முந்தைய நொடியில் அதன் முகத்தைப் பாருங்கள்.

*மூக்கு தரையில் இருந்தால்* அது மோப்ப வேட்டை. பீகிள், பாசெட் ஹவுண்ட், பிளட்ஹவுண்ட், டாஷண்ட் இந்த வகை. வேட்டைக்காரனுக்கு முன்னால் ஓடித் தடம் பிடித்து, குரல் கொடுத்துக்கொண்டே போவதுதான் இவற்றின் தொழில். ஆள்தான் நாயின் பின்னால் போவார். நாய் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. தடத்தில் மூக்கு இறங்கிய பிறகு 10 முறை கூப்பிட்டால், ‘வா’ என்பது பொருளில்லாத இரைச்சல் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

செய்ய வேண்டியது: பழைய சொல்லைக் கைவிட்டு ஒரு விசில் வாங்குங்கள். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே இரண்டு குறும் ஊதல், உடனே காலடியில் ஒவ்வொன்றாக 5 துண்டு தீனி. நாயிடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு நாளைக்கு 10 முறை. இரண்டாம் வாரம் வேறு அறையிலிருந்து ஊதுங்கள். ஓடி வந்தால்தான் அடுத்த கட்டம்.

வெளியே 10 மீட்டர் நீளக் கயிறு, ஹார்னஸின் (மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் வார்) முதுகு வளையத்தில். கழுத்துப் பட்டையில் நீளக் கயிற்றை ஒருபோதும் மாட்டாதீர்கள். கயிறு தீரும் இடத்தில் வரும் வெட்டு முழுவதும் கழுத்தில் இறங்கும். வாசனை உள்ள இடத்துக்கு 2 மீட்டர் முன்னால் நின்றுவிடுங்கள். இழுக்க வேண்டாம், பேச வேண்டாம். தலை தானாக நிமிர்ந்து உங்கள் பக்கம் திரும்பிய நொடியில் ‘சரி’, ஒரு துண்டு தீனி, உடனே ‘போ, மோந்து பார்’ என்று அதே இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பீகிளுக்குப் பிஸ்கட்டைவிடப் பெரிய கூலி, பாதியில் விட்ட தடத்துக்குத் திரும்பிப் போக அனுமதி கிடைப்பதுதான். அந்த அனுமதி உங்களிடமிருந்து வருகிறது என்று தெரிந்தால் அது உங்களைப் பார்க்கத் தொடங்கும். மனிதரைப் பார்ப்பது தடத்துக்கான சாவி என்று ஆகிவிடுகிறது.

தவறுவது எங்கே? வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கூப்பிடுவது. ‘வா’ என்றால் ஆட்டம் முடிந்தது என்று நாய் நாலே நாளில் கணக்குப் போட்டுவிடும். 10 முறை கூப்பிட்டால் 9 முறை திரும்ப விளையாட அனுப்ப வேண்டும்.

*கண் தொலைவில் நிலைத்து, காது நிமிர்ந்து, உடல் உறைந்தால்* அது பார்வை வேட்டை. கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி, சிப்பிப்பாறை, கன்னி இவையெல்லாம் கண்ணால் கண்டு காலால் பிடிக்கும் நாய்கள். கிரேஹவுண்டின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும். அதாவது 5 நொடியில் 80 மீட்டருக்கு மேல். நீங்கள் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அது காது கேளாத தூரத்தில் இருக்கும். ஓடத் தொடங்கிய பின் கூப்பிடுவது வீண். காது நிமிரும் அந்த ஒரு நொடிதான் உங்களுக்குக் கிடைக்கும் வாசல்.

பயிற்சிக்கு ஒரு கழியின் முனையில் கயிறு கட்டி, அதில் துணிப் பொம்மை தொங்கவிடுங்கள். பொம்மை அசைவற்று இருக்கும்போது நாயின் பெயரைச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்தால் உடனே பொம்மையை ஓடவிட்டுத் துரத்த அனுமதி. 10-க்கு 8 வந்ததும் பொம்மையை மெல்ல அசைத்துக்கொண்டே கூப்பிடுங்கள். பிறகு வேகமாக. ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும். ஒன்றரை வயதுக்குள் இருந்தால் பொம்மையைத் தரையோடு இழுங்கள், துள்ள விடாதீர்கள். வளரும் மூட்டுகளுக்கு ஆகாது.

இந்த வகைக்கு 10 மீட்டர் கயிறு ஆபத்து. முழு வேகத்தில் கயிறு தீர்ந்தால் நாயின் முதுகும் உங்கள் விரலும் போகும். 3 முதல் 5 மீட்டர், நடுவே ரப்பர் போல் நீளும் பகுதி உள்ள கயிறு நல்லது. சாதாரணக் கழுத்துப் பட்டை இவற்றின் ஒடுங்கிய தலை வழியாகச் சுலபமாக உருவிக்கொள்ளும். இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பட்டை வேண்டும். அவிழ்த்து விடுவதென்றால் சுற்றிலும் 6 அடி வேலி உள்ள இடத்தில் மட்டும். நன்றாகப் பயின்ற பார்வை வேட்டை நாயைக்கூடத் திறந்த வெளியில் கயிறில்லாமல் விடுவது சூதாட்டம்தான். அதை இலக்காக வைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

*எதையும் பார்க்காமல், மோக்காமல், நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருந்தால்* ஹஸ்கி, மாலமியூட் போன்ற சறுக்குவண்டி நாய். முன்னால் போவதே அவற்றுக்கு வேலை. இழுக்கும் ஆசையை அடக்குவதைவிட அதற்கென்று ஒரு உடுப்பு கொடுங்கள்: இழுப்பதற்கான ஹார்னஸ் மாட்டினால் இழுக்கலாம், நடைக்கான பட்டை மாட்டினால் இழுக்கக் கூடாது. இரண்டையும் கலக்காமல் வைத்திருந்தால் வேறுபாட்டை நாய் விரைவில் பிடித்துக்கொள்ளும். ஒரே பட்டையில் இரண்டையும் கேட்டால் எந்தக் காலத்திலும் பிடிபடாது.

*காதே அசையவில்லை என்றால்* கேட்கிறதா என்று சோதியுங்கள். டால்மேஷன், வெள்ளை புல் டெரியர், ஆஸ்திரேலியன் கேட்டில் டாக், தாயும் தகப்பனும் மெர்ல் நிறமாக (வெளிறிய நிறத்தில் அடர் திட்டுகள்) இருந்து பிறந்த வெளிறிய குட்டிகள், இவற்றில் பிறவிச் செவிடு அதிகம். அமெரிக்காவில் சோதித்த டால்மேஷன்களில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதிலாவது கேட்கவில்லை. நாய் தூங்கும்போது, பின்பக்கம், கண்ணில் படாமல், காற்றோ தரை அதிர்வோ போகாதபடி சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். ஒரு காது மட்டும் கேளாத நாய்க்குச் சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தவறான பக்கம் திரும்பும். அதைத்தான் பலர் பிடிவாதம் என்று அடிக்கிறார்கள். உறுதிப்படுத்த மூளைத் தண்டின் செவி எதிர்வினையை அளக்கும் சோதனை உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். முழுச் செவிட்டு நாய்க்கு ‘சரி’ என்ற சொல்லுக்குப் பதில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் போதும். மற்ற பாடம் எல்லாம் அப்படியே.

அறிகுறி: ஓடுவதையெல்லாம் துரத்துகிறது, குழந்தைகளின் குதிகாலைக் கடிக்கிறது

மேய்ப்பு இனங்கள். இதிலும் வகை பிரியுங்கள். தலையைத் தாழ்த்தி, இமைக்காமல் பார்த்து, பதுங்கி வந்தால் கோலி வகை: கண்ணால் மந்தையை நகர்த்தும் நாய். பின்னாலிருந்து ஓடி வந்து கணுக்காலில் ஒரு கடி வைத்தால் கோர்கி, கேட்டில் டாக் வகை: மாட்டின் குளம்படியில் கடித்து ஓட்டும் நாய். இரண்டும் இல்லாமல், காதைப் பின்னால் மடித்து, பாய்ந்து குரைத்துவிட்டுப் பின்வாங்கினால் அது மேய்ப்பே அல்ல, பயம். அதற்கான வழி அடுத்த பகுதியில் இருக்கிறது. இதைப் பயன்படுத்தினால் நிலைமை மோசமாகும்.

கத்திக்கொண்டு பின்னால் ஓடாதீர்கள். ஓடும் மனிதரும் ஓடும் மிருகம்தான். மந்தையில் ஒன்று கூடியது என்று நாய் எடுத்துக்கொள்ளும். குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: நாய் காலை நோக்கி வந்தால் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கட்டும். அசையாத ஆட்டை ஓட்டுவதில் சுவாரசியம் இல்லை. பயிற்சி முடியும்வரை குழந்தைகள் ஓடி விளையாடும் நேரத்தில் நடுவே ஒரு தடுப்புக் கதவு இருக்கட்டும். ஒவ்வொரு வெற்றிகரமான கடியும் ஒரு பாடம், தவறான பாடம்.

சைக்கிளைத் துரத்தும் நாய்க்குத் தூரம்தான் மருந்து. சைக்கிளைப் பார்த்த பிறகும் தீனி தின்னும் தூரம் எது என்று கண்டுபிடியுங்கள். சில நாய்களுக்கு 15 மீட்டர், சிலவற்றுக்கு 50. அங்கே நின்று, நாய் சைக்கிளைப் பார்த்த அந்தக் கணமே, உடல் தாழ்வதற்கு முன், ‘சரி’ என்று சொல்லித் தீனியை உங்கள் காலருகே போடுங்கள். நாய் பார்த்துவிட்டு உங்களிடம் திரும்ப வேண்டும். ஒரு தடவைக்கு 10 சைக்கிள். சொல் வருவதற்கு முன்பே தானாகத் திரும்பத் தொடங்கினால் மறுநாள் 2 மீட்டர் நெருங்குங்கள். தொடர்ந்து இரண்டு முறை பாய்ந்துவிட்டால் அன்றைய தூரத்தை இரட்டிப்பாக்குங்கள். சூடான தலையோடு நாய் கற்காது. தீனியை வாங்காமல் துப்பினாலோ, வாங்கும்போது விரலைக் கடித்தாலோ, நீங்கள் ஏற்கெனவே மிக அருகில் போய்விட்டீர்கள் என்று பொருள்.

துரத்தலை ஒரேயடியாக மூடிவிட்டால் அது வேறு வழியில் வெளியே வரும். ஆகவே உங்கள் ஆணையின் கீழ் துரத்தக் கொடுங்கள். மேலே சொன்ன கழியும் பொம்மையும் இங்கேயும் உதவும், ஆனால் பாடம் வேறு: ‘படு’ என்றால் படுக்க வேண்டும், படுத்தால் பொம்மை ஓடும். பிறகு துரத்தலின் நடுவிலேயே பொம்மையை நிறுத்தி ‘படு’. நல்ல மேய்ப்பு நாய்க்கு நடுவில் நிறுத்துவது இரத்தத்தில் இருக்கிறது. அதைத் தட்டி எழுப்பினால் பிறகு தெருவிலும் பயன்படும்.

இங்கே ஒரு பொறி உண்டு. ‘பார்டர் கோலிக்கு நிறைய ஓட்டம் வேண்டும்’ என்று ஒரு மணி நேரம் பந்து எறிகிறார்கள். ஒரு மாதத்தில் கிடைப்பது இன்னும் அதிக நேரம் ஓடக்கூடிய, இன்னும் பதற்றமான நாய். பெல்ஜியன் மாலினாய்க்கும் இதுவே. பந்து 5, 6 எறிதலோடு நிற்கட்டும், அதன்பின் 10 நிமிடம் புல்லில் தூவிய தீனியை மோந்து தேடட்டும், பிறகு ஓய்வு. வளர்ந்த நாய் ஒரு நாளில் பாதிக்குமேல் படுத்திருக்க வேண்டும். இந்த இனங்களுக்கு ஓய்வும் கற்றுத்தர வேண்டிய பாடம்: பாயில் படுத்தால் அரை நிமிடத்துக்கு ஒரு தீனி, பிறகு 1 நிமிடத்துக்கு, பிறகு 3 நிமிடத்துக்கு ஒன்று. லேசர் விளக்கு காட்டி விளையாடவே வேண்டாம். பிடிக்க முடியாத ஒளியைத் துரத்திப் பழகிய மேய்ப்பு நாய், சுவரில் விழும் நிழலை நாள் முழுக்க வெறிக்கத் தொடங்கும். அந்த நிலைக்கு வந்தால் மருத்துவ உதவி தேவை.

அறிகுறி: வாசலில் ஆள் வந்தால் அடங்காத குரைப்பு, பாய்ச்சல்

ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், டோபர்மேன், ராஜபாளையம், கோம்பை போன்ற காவல் குணம் உள்ள நாய்களில் அந்நியரைச் சந்தேகிப்பது வளர்ப்புத் தவறால் வந்ததல்ல. அதற்காகத்தான் அவற்றைப் பொறுக்கினார்கள். எல்லோரிடமும் வாலாட்டும் லேப்ரடாராக அவற்றை மாற்றும் முயற்சியில் நேரத்தை வீணாக்காதீர்கள். நீங்கள் கேட்கக்கூடியது இதுதான்: இரண்டு குரைப்பில் தகவல் சொல்லு, பிறகு உன் இடத்துக்குப் போ, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாசலிலிருந்து 3, 4 மீட்டர் தள்ளி, வாசல் தெரியும் இடத்தில் ஒரு பாய். முதலில் ஆளே இல்லாமல் பாய்க்கு அனுப்பப் பழக்குங்கள். அடுத்து வீட்டிலுள்ளவரே கதவைத் தட்டட்டும். தட்டல் கேட்டதும் பாய்க்குப் போனால் தீனி. மணிச் சத்தத்தைக் கைபேசியில் பதிந்து, மெல்லிய ஒலியில் தொடங்கி ஏற்றலாம். தட்டல் பாய்க்கான கட்டளையாக மாறிய பிறகுதான் உண்மையான விருந்தாளி, அதுவும் நாய் கயிற்றில் இருக்கும்போது. வந்தவர் நாயைப் பார்க்கக் கூடாது, குனியக் கூடாது, தலைமேல் கை நீட்டக் கூடாது. அவர் கையால் தீனி கொடுக்கச் சொல்வது பரவலான தவறு. பயந்த நாய் தீனிக்காக நெருங்கி வரும்; தின்று முடித்ததும், இவ்வளவு அருகில் அந்நியர் நிற்பதை உணர்ந்து கடிக்கும். தீனியை நீங்களே பாயின் மேல் போடுங்கள்.

உறுமினால் அடிக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். உறுமல் எச்சரிக்கை. எச்சரிக்கைக்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமல் கடிக்கும். காவல் இனங்களில் ‘திடீரென்று கடித்துவிட்டது’ என்ற கதைகளின் பின்னால் பெரும்பாலும் இப்படி அடக்கப்பட்ட உறுமல் இருக்கும்.

குட்டியாக இருந்தால் வாய்ப்பு பெரிது. சுமார் 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம்வரை பார்த்தவை எல்லாம் அதன் உலகத்தில் ‘சாதாரணம்’ என்று பதியும். குடை, தொப்பி, தாடி, ஊன்றுகோல், சக்கர நாற்காலி, குழந்தை அழுகை. லேப்ரடார் குட்டிக்கு இவை இருந்தால் நல்லது. காவல் இனக் குட்டிக்கு இல்லாமல் தீராது. தூக்கிக் கொஞ்ச வைப்பது நோக்கமல்ல, தூரத்திலிருந்து நிதானமாகப் பார்த்தாலே போதும். தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடாமல் கையில் தூக்கிப் போய்க் காட்டலாம்.

இரவெல்லாம் குரைக்கும் கங்கால், கிரேட் பிரனீஸ் போன்ற மந்தை காவலர்கள் தனி ரகம். யாரையும் கேட்காமல் இருட்டில் தானே முடிவெடுப்பதற்காகவே வளர்க்கப்பட்டவை. 10 முறை ‘உட்கார்’ சொன்னால் மூன்றாவதோடு எழுந்து போய்விடும். அதை மந்தம் என்று நினைக்க வேண்டாம். 2, 3 முறையோடு பாடத்தை முடியுங்கள், இரவில் வீட்டுக்குள் படுக்க வையுங்கள். வெளியே விட்டுவிட்டுக் குரைக்காதே என்று சொல்வதில் நியாயம் இல்லை.

அறிகுறி: கிடைத்ததையெல்லாம் கவ்வுகிறது, வாங்கப் போனால் உறுமுகிறது

லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஸ்பேனியல். கவ்விச் சுமப்பதே இவற்றின் பிறவி வேலை. காலுறையைத் தூக்கிக்கொண்டு வரும் குட்டியைத் துரத்திப் பிடித்து வாயைப் பிளந்து பிடுங்கினால், இரண்டே வாரத்தில் ஒளித்து வைக்கவும், விழுங்கவும், உறுமவும் கற்றுக்கொள்ளும். விழுங்கிய காலுறை குடலை அடைத்து அறுவைச் சிகிச்சைவரை போகும்.

மாற்றுப் பண்டம் கொடுங்கள். தீனியை மூக்கருகே காட்டி, வாய் திறந்ததும் ‘கொடு’ என்ற சொல். மூன்று துண்டு தீனியைச் சற்றுத் தள்ளிப் போட்டு, அது தின்னும்போது பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது நாய்க்குரிய பொம்மையாக இருந்தால் திரும்பக் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் திரும்ப வரும் என்ற நம்பிக்கைதான் இங்கே கூலி. தானாக எதையாவது கவ்விக்கொண்டு உங்களிடம் வந்தால், அது புதுச் செருப்பாகவே இருந்தாலும் முதலில் பாராட்டு.

லேப்ரடார் எப்போதும் பசிக்கிறதுபோல் பார்ப்பதற்கு மரபணுக் காரணமும் உண்டு. சுமார் நாலில் ஒரு லேப்ரடாரிடம், பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் வழியில் பங்குபெறும் ‘போம்சி’ மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று 2016-ல் கண்டறிந்தார்கள். பயிற்சிக்கு இது வரம், எடைக்குச் சாபம். அன்றைய உணவைக் காலையிலேயே அளந்து ஒரு டப்பாவில் போட்டு, பயிற்சித் தீனியை அதிலிருந்தே எடுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

அறிகுறி: தோட்டத்தைத் தோண்டுகிறது, பொம்மையை உதறிக் கிழிக்கிறது

டெரியரும் டாஷண்டும் வளைக்குள் இறங்கும் தொழிலுக்கு வந்தவை. தடுக்க முடியாது, இடம் மாற்றலாம். ஏறக்குறைய 1 மீட்டருக்கு 1 மீட்டர் மணல் குழி, அரை அடி ஆழத்தில் புதைத்த பொம்மை, தீனி. தவறான இடத்தில் தோண்டினால் பேசாமல் குழிக்கு அழைத்துப் போங்கள். ஹஸ்கி தோண்டுவது குளிர்ந்த மண்ணில் படுக்கவோ, வேலிக்கு அடியில் தப்பிக்கவோ. முதலாவதற்கு நிழல், இரண்டாவதற்கு வேலியின் அடியில் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கம்பி வலை. உதறிக் கிழிப்பதற்கு அட்டைப் பெட்டியில் தீனி போட்டுக் கொடுத்தால் போதும். டெரியரையும் வீட்டு முயல், வெள்ளெலியையும் ஒரே அறையில் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். பயிற்சியை நம்பும் இடம் அதுவல்ல.

அறிகுறி: பாதிப் பாடத்தில் படுத்துவிடுகிறது

பக், புல்டாக், பிரெஞ்சு புல்டாக் என்றால் முதலில் மூச்சைக் கவனியுங்கள். தட்டை முகம், ஒடுங்கிய மூக்குத்துளை, நீண்ட மெல்லண்ணம். நாய் உடம்புச் சூட்டை மூச்சிரைப்பில்தான் வெளியேற்றும், இவற்றுக்கு அந்த வழியே குறுகல். பாடம் 2 நிமிடம், குளிர்ந்த நேரத்தில், ஹார்னஸில். நாக்கு அகன்று நீலம் பாய்ந்தால், குறட்டைபோல் மூச்சு வந்தால் நிறுத்தி, உடம்பைத் தண்ணீரால் நனைத்துக் காற்றுப் பட வைத்து மருத்துவரிடம் விரையுங்கள்.

கிரேஹவுண்ட் வகை ‘உட்கார்’ சொன்னால் மலைத்து நிற்கும். அவற்றின் நீண்ட தொடைத் தசைக்கும் ஒட்டிய பின்பகுதிக்கும் உட்காரும் நிலை வசதியில்லை. பதிலாக ‘நில்’, ‘படு’ கற்றுக்கொடுங்கள், மெத்தை விரித்து. டாஷண்டிடம் பின்னங்காலில் நிற்கும் வித்தையும் சோபாவிலிருந்து குதிப்பதும் வேண்டாம். சரிவுப் பலகை வைக்கலாம். தடித்த உடம்புள்ள மாஸ்டிஃப் வகையிடம் மீண்டும் மீண்டும் எழு, உட்கார் கேட்பது முழங்காலுக்குப் பகை.

இனம் தெரியாத கலப்பு நாய் என்றால்

தோற்றத்தை வைத்து ஊகிக்காதீர்கள். நிறமும் காதும் குணத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். பசியில்லாத ஒரு நிதானமான நேரத்தில் நான்கைச் சோதியுங்கள். ஒரு பந்தை மெல்ல உருட்டுங்கள்: உற்றுப் பார்க்கிறதா, துரத்துகிறதா, கவ்வித் தூக்கி வருகிறதா, எடுத்து உதறுகிறதா? புல்லில் 10 துண்டு தீனி தூவுங்கள்: கண்ணால் தேடுகிறதா, மூக்கால் தேடுகிறதா, எவ்வளவு நேரம் விடாமல்? மூடிய டப்பாவில் தீனி வைத்துக் கொடுங்கள்: தானே உடைக்கப் பார்க்கிறதா, உங்கள் முகத்தைப் பார்த்து உதவி கேட்கிறதா? அறிமுகமில்லாத ஒருவர் 10 மீட்டரில் நின்றால் நெருங்குகிறதா, விலகுகிறதா, நடுவில் வந்து நிற்கிறதா? இரண்டு வாரம் கழித்து இதையே திரும்பச் செய்யுங்கள். இரண்டு முறையும் ஒரே விடை வந்த கேள்விகளை மட்டும் நம்பி, மேலே பொருந்தும் பகுதிக்குப் போங்கள். புதிதாக வீட்டுக்கு வந்த நாயானால் குறைந்தது 3 வாரம் கழித்துச் சோதியுங்கள். பயந்த நாய் தன் குணத்தைக் காட்டாது.

எப்போது நிறுத்த வேண்டும்

சரியான தூரம், சரியான கூலி, சரியான நேரம் மூன்றும் இருந்தும் 3 வாரத்தில் ஒரு படிகூட முன்னேற்றம் இல்லையென்றால் ஊகம் தவறு. காது கேளாததை மோப்பமாகவோ, பயத்தை மேய்ப்பாகவோ எடுத்துக்கொண்டிருக்கலாம். முதல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். தோல் கிழியும் கடி, உறுமலே இல்லாத கடி, வாலையோ நிழலையோ மணிக்கணக்கில் துரத்துவது, வீட்டுக் குழந்தையை வெறித்துப் பார்ப்பது, இவற்றில் ஒன்று இருந்தால்கூட இந்த வழிமுறையை மூடி வைத்துவிட்டு, நாயின் நடத்தையில் பயின்ற கால்நடை மருத்துவரைப் பாருங்கள். அதுவரை வாய்க்கூடை மாட்டலாம். மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வகைதான் சரி, துணியால் வாயை இறுக்கிக் கட்டும் வகை கூடாது. முதல் நாளே மாட்டிப் பூட்டிவிடாமல், கூடைக்குள் தீனி வைத்து ஒரு வாரம் மூக்கைத் தானாக நுழைக்கப் பழக்கிவிட்டு மாட்டுங்கள்.